மூக்குவரை வரும் குண்டு

இரும்புக் குண்டு திரும்பி வந்து என் மூக்கில் மோதியதற்கு இயற்பியல் எந்த விதத்திலும் பொறுப்பல்ல. மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் குண்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டது நான். அதை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, தள்ளாமல் சும்மா விட்டால், போய்த் திரும்பி வரும்போது விட்ட இடத்தைத் தாண்டாது. ஆற்றல் எங்கிருந்தும் இலவசமாக வந்துவிடாது என்று நுழைவுத் தேர்வுப் பிள்ளைகளுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. ஒரே நிபந்தனை, நிற்பவன் அசையக் கூடாது. அதையும் நானே அழுத்திச் சொன்னேன். பிறகு அசைந்தேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். எப்போதும் முதலாவதாக வரும் பையன் கையைத் தூக்கினான்.

"சார், இது பரீட்சையில வருமா?"

"எது, என் மூக்கா?"

"இல்ல சார், இந்தக் கணக்கு."

"அது கிடக்கட்டும். குண்டு ஏன் அடிச்சுது? அதைச் சொல்லுங்க."

காற்றின் தடை என்றான் ஒருவன். கயிறு நீண்டிருக்கும் என்றாள் ஒருத்தி. விடைகள் நாலையும் சொன்னால் சரியானதைத் தேர்ந்தெடுத்துவிடுவேன் என்றான் அந்த முதலாவது பையன். கண்ணெதிரே நடந்ததற்கும் நாலு விடை வேண்டியிருக்கிறது. வருடக்கணக்காக இந்தப் பழக்கத்தை ஊட்டி வளர்த்த புண்ணியவான் நானே என்பதால், யாரைத் திட்டுவதென்றும் தெரியவில்லை.

கடைசி வரிசையில் என் மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் அவளுக்கும் நான் 'சார்'தான். நான் போட்ட சட்டம். தேர்வுக்கு விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். எழுதுகிறாயா என்று எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. "பாக்கலாம்ப்பா" என்பாள். "அவ வாயத் திறக்கறதுக்குள்ள நீங்களே பதிலும் சொல்லிடறீங்க" என்று அவள் அம்மா குற்றம்சாட்டுவாள். அநியாயம். யோசிக்கிற சிரமத்தைக் குறைத்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

மணி அடித்ததும் வகுப்பு காலியானது. அவள் மட்டும் தன் கைக்குட்டையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலி இருக்கட்டும். நீயாவது சொல்லு, ஏன் அடிச்சுது?"

"முன்னாடி சாஞ்சீங்க."

"நான் எதுக்குச் சாயப்போறேன்?"

"நான் பாக்கறேனான்னு எட்டிப் பாத்தீங்கப்பா. பாத்துட்டுதான் இருந்தேன்."

'சார்' எங்கோ விழுந்துபோயிருந்தது. ஈரத்துணியை மூக்கில் அழுத்தினேன். வழக்கமாக இந்த இடத்தில் சொல்வதற்கென்று ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறேன்; உழைப்பில் தொடங்கி எதிர்காலத்தில் முடியும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, வாயை மூடிக்கொண்டிருந்தது அவள் கைக்குட்டை.

"பரீட்சை எழுதறியாம்மா?" என்று மட்டும் கேட்டேன். சுவரில் சாய்ந்து, அசையாமல் நின்றேன்.

தொங்கிக்கொண்டிருந்த குண்டைப் பிடித்து, பின்னோக்கி நடந்து, தன் மூக்கோடு ஒட்டி வைத்தாள். தள்ளாமல் விட்டாள்.

"இல்லப்பா. எழுதல."

குண்டு அறையின் அந்தப் பக்கம் வரை போய், வேகமெடுத்துத் திரும்பி வந்தது. அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மூக்குக்கு ஒரு மயிரிழை முன்னால் அது நின்றது.