குறுக்கே இருந்த ரெசிஸ்டர்

கெடிசாவைக் கொன்றவன் நான். கல்லூரி அறிக்கையில் ‘மாணவரின் கவனக்குறைவு’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

லாயே நகரத்தில் இருவரும் எலக்ட்ரானிக்ஸ் கடைசி ஆண்டு. மலைமேல் இருக்கும் அவன் ஊர் மருந்தகத்துக்காக, சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி ஒன்று செய்தோம். மூன்று மாதம் எல்லாம் கணினியில்தான். திரையில் சர்க்யூட்டை வரைந்து ஓடவிட்டால் வரைபடம் வரும். பிடிக்கவில்லையா, நிறுத்து, மாற்று, மறுபடி ஓடவிடு. வெளியே மழை ஓயவில்லை, உள்ளே நாங்களும் ஓயவில்லை.

மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெபாசிட்டருக்குக் குறுக்கே கெடிசா ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தான். அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வரைபடம் மயிரிழைகூட மாறவில்லை. திறன் மட்டும் அரை சதவீதம் கூடியது.

“சும்மா சூடாகிட்டு உக்காந்திருக்கு, தண்டச்சோறு. தூக்கிடலாம் மச்சான்.”

“வேணாம் வாகி, இருக்கட்டும். ஆஃப் பண்ணப்புறம் கெபாசிட்டரைக் காலி பண்றதே அதுதான்.”

“ஆஃப் பண்ணா ஜீரோதானே? ஆயிரம் தடவை பாத்தாச்சு!” என்று சிரித்தேன்.

பாக்கு மென்று சிவந்த வாயோடு அவனும் சிரித்தான். “பெரிய மேதை! உன் இஷ்டம்டா.”

கணினியில் ஒவ்வொரு ஓட்டமும் ஜீரோவில்தான் தொடங்கும். அது மென்பொருளின் ஏற்பாடு, கெபாசிட்டரின் குணமல்ல. இதை எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கிய முட்டாள் நான்.

வியாழக்கிழமை, அந்த ரெசிஸ்டர் இல்லாமலே செய்த நிஜப் பெட்டியை ஓட்டினோம். நானூறு வோல்ட் ஏறியது. ஒரு கம்பி தளர்ந்திருந்தது. சுவிட்சை அணைத்தவன் நான்தான்.

“ஆஃப் பண்ணிட்டேன், கை வை” என்றேன்.

என்னை நம்பி இரண்டு கையையும் வைத்தான். கெபாசிட்டரில் நானூறு வோல்ட் அப்படியே இருந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிப் போகும்போதே உயிர் இல்லை.

துக்கப் பந்தலுக்கு அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு போனேன். கெடிசாவின் அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள்.

“கரண்ட் ஆஃப்ல இருந்துச்சுன்னு சொல்றாங்களேப்பா. அப்புறம் எப்படி? என் புள்ள அவ்ளோ கவனமில்லாதவனா?”

பொய் சொல்லியிருக்கலாம். பட்டம் கிடைத்திருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன், ரெசிஸ்டர், திறன், என் சிரிப்பு, அறிக்கையில் போட்ட கையெழுத்து. அவன் மாமா எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“வேணாம்னு சொன்னானா அவன்?”

“சொன்னான்மா.”

அரிசி மூட்டையை என் பக்கம் தள்ளினாள்.

“இதைத் தூக்கிட்டுப் போ. என் புள்ள சொன்னான்னு அந்தக் காகிதத்துல எழுதிட்டு வா. அதுவரைக்கும் உன் அரிசி எங்க தொண்டையில இறங்காது.”

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மழையில் கல்லூரிக்கு நடந்தேன்.