விரிப்பின் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு

1.
இந்தக் கதை பிறந்தது என் கோழைத்தனத்தில். என் மனைவி பிறேமினி ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். அதை எழுதப் பயந்து இதை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: வால்தம்ஸ்டோவில் அன்று மழை... (வேண்டாம். லண்டன் கதை என்றால் மழை பெய்தே ஆகவேண்டுமா?)

இரண்டாவது: பிறேமினி கம்பளம் திருத்துகிறவள். வெம்பிளியிலிருந்து பியற்றிஸ் அக்கா ஒரு நவஹோ விரிப்பைக் கொண்டுவந்தார். அமெரிக்கப் பாலைநிலத்தில் ஓர் ஆதிக்குடிப் பெண் நெய்தது. நடுவில் சிவப்பு, சுற்றிவரக் கறுப்புக் கரை. அக்காவின் கணவர் இறப்பதற்கு முந்தின வருடம் அங்கே போய் வாங்கியிருந்தார்.

"பூச்சி அரிச்ச ஓட்டையை மட்டும் அடைச்சுத் தாரும், பிள்ளை."

"ஓம் அக்கா."

2.
ஓட்டையை அடைத்ததோடு பிறேமினி நின்றிருக்கலாம். மேல் மூலையில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு கறுப்புக் கரையைக் கடந்து விளிம்புவரை ஓடியது. நெய்தவள் விட்ட பிழை என்று நினைத்தாள். அக்கா சந்தோசப்படட்டும் என்று அதைப் பிரித்தெடுத்துக் கறுப்பு நூல் கோத்தாள்.

[இங்கே அவளைக் கொஞ்சம் தயங்க வைத்திருந்தேன். வாசித்துவிட்டு, "நான் துளியும் யோசிக்கேல்லை. பொய் எழுதாதேங்கோ" என்றாள். வெட்டிவிட்டேன்.]

அக்கா விரிப்பைத் தடவிப் பார்த்தார். "புதுசு மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கொண்டுபோனார்.

3.
அடுத்த மாதம் நெசவு பற்றிய ஒரு புத்தகத்தில் பிறேமினி அதே மாதிரிக் கோட்டைக் கண்டாள். நெய்யும்போது தங்கள் நினைப்பெல்லாம் கரைக்குள் அடைபட்டுவிடக் கூடாது என்று நவஹோ நெசவாளர் சிலர் வெளியே விடும் வழி அது.*

"நான் ஒரு பொம்பிளையின்ரை வாசலை அடைச்சுப்போட்டன்" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அக்காவுக்கு நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னது அப்போதுதான். எனக்குப் பாவமாக இருந்தது.

* எல்லோரும் விடுவதில்லையாம். இதற்குமேல் எனக்குத் தெரியாது. தெரிந்தவன் மாதிரி எழுதினால் அவள் செய்ததையே நானும் செய்தவனாவேன்.

4.
முடிவு ஒன்று: ஏதோ சாட்டுச் சொல்லி விரிப்பை வாங்கி, புது வெள்ளை நூலைக் கோத்துவிடுகிறாள். யாருக்கும் தெரியாது. ("அது என்ரை கோடு. அதை நெய்தவவின்ரை இல்லை" என்றாள் பிறேமினி.)

முடிவு இரண்டு: பியற்றிஸ் அக்கா சிரித்து மன்னித்து... (அவருக்கு விஷயமே தெரியாது. அவருக்காக நான் எப்படி மன்னிப்பது?)

5.
ஆகவே முடிவு என்னிடம் இல்லை. பியற்றிஸ் என்பது உங்கள் பெயரல்ல, அக்கா. ஆனால் இந்தச் சஞ்சிகை உங்கள் வீட்டுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். எழும்பிப் போய் விரிப்பின் வலது மேல் மூலையைப் பாருங்கள். அங்கே கறுப்பு கொஞ்சம் புதிதாக இருக்கும். பிரித்த நூலை எறியாமல் வைத்திருப்பது தொழில் வழக்கம். அந்த வெள்ளை இழை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை, வாருங்கள். பிறேமினி வீட்டில்தான் இருக்கிறாள்.