அரை அங்குலத் தளர்வு

"அண்ணி, உங்களுக்கு ஒரு நாற்காலி துடைச்சு வச்சிருக்கேன்" என்று பித்தான் மேசையிலிருந்து குரல் கொடுத்தாள் நாத்தனார்.

"துடைச்சதுதான் துடைச்ச, அதுலயும் நீயே உக்காந்துக்க" என்றாள் கத்திரியக்கா. துணியில் கோடிழுத்துக்கொண்டிருந்த கை நிற்கவே இல்லை.

அந்தத் தையல்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக வெட்டு மேசை அவளுடையது. ஆஸ்பத்திரி ஊழியர்களின் மேலங்கியோ பள்ளிக்கூடச் சீருடையோ எதுவானாலும், நாற்பது அடுக்குத் துணியை விரித்து, அட்டையை வைத்துக் கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டுகிறவள் அவள்தான். அவள் வெட்டிக் கொடுத்தால்தான் பதினாறு மெஷினும் ஓடும். மேசை இடுப்புயரம். அங்கே உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுகூடக் கிடையாது.

பித்தான் மேசையில் நின்று செய்கிற வேலை ஒன்றுகூடக் கிடையாது. கணவனின் தங்கை பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிப்பாள். கத்திரியக்காவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாலே பிடிக்காது.

இந்த நாற்காலிப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கத்திரியக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு துணிச்சுருள்மேல் காலைத் தூக்கி வைத்திருந்ததை முதலாளியம்மா பார்த்துவிட்டாள்.

"காலா இது, தலையணையா?" என்று குனிந்து, கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே ஒரு அழுத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"பாத்தியா, பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கு. இன்னும் பதினஞ்சு நாள்ல பெரிய ஆர்டர் வருதுக்கா. அதுக்குள்ள இந்தக் குழி விழக்கூடாது. விழுந்தா நீ பித்தான் மேசைக்குப் போயிடு. வெட்டுறதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க?"

"உன்மேல எனக்குக் கோபம் இல்ல. உன் கால்மேலதான்."

மறுநாளே டாக்டரிடம் போனாள். டாக்டர் காலைப் பார்த்தார், நாடி பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். "கீழ இறங்குற ரத்தம் திரும்ப மேல ஏறச் சோம்பல் படுதும்மா. அழுத்தமான சாக்ஸ் எழுதித் தரேன், முழங்காலுக்குக் கீழ வரைக்கும். காலைல போட்டு ராத்திரி கழட்டணும். அளவு மட்டும் ரொம்ப முக்கியம். கடையிலயே எடுத்துப்பாங்க."

"அளவா? எனக்கா?" என்று சிரித்துவிட்டு வந்தாள் கத்திரியக்கா.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் தானே குனிந்து கணுக்காலைச் சுற்றினாள், ஆடுசதையைச் சுற்றினாள், குதிகாலிலிருந்து முழங்கால்வரை உயரம் பார்த்தாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கணவன் கையில் கொடுத்தாள். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போ என்ற இடத்துக்குப் போய் வருவதில் அவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

மருந்துச் சாமான் கடையில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது காலைல எடுத்த அளவா?" என்று கேட்டாள்.

"அவ எடுத்தா சரியாத்தாம்மா இருக்கும்."

"இல்லைங்க, எப்ப எடுத்தாங்கன்னு..."

"நீ கேக்கறத நான் போய் அங்க கேட்டா எனக்கு இன்னைக்குச் சாப்பாடு கிடைக்காது. கொடும்மா."

அவள் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை கத்திரியக்கா கட்டிலில் உட்கார்ந்து, ஒரே இழுப்பில் இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டாள். "இதப் போடறதுக்கு எல்லாரும் தலையால தண்ணி குடிப்பாங்களாம்! பாருங்க, குழந்தைக்குக் குல்லா போடற மாதிரி ஏறிடுச்சு."

"அவ்வளவு சுலபமாவா இருக்கும்?" என்று சந்தேகப்பட்டார் கணவர்.

"அளவு தெரிஞ்சவ எடுத்தா அப்படித்தான்."

பதினொரு மணிக்கு அது முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கணுக்காலில் வந்து மடிப்பு மடிப்பாகக் குவிந்துகொண்டது.

"அண்ணி, உங்க கால் தோலு உரியுது" என்றாள் நாத்தனார். பதினாறு மெஷினும் நின்று சிரித்தன.

கத்திரியக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நெய்தவனுக்குக் கை சரியில்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் காலி மெஷின் ஒன்றில் போய் உட்கார்ந்தாள். பாவாடைக்கு வைக்கிற அகல எலாஸ்டிக்கை எடுத்து, இரண்டு காலுறையின் மேல் விளிம்பிலும் நன்றாக இழுத்துப் பிடித்து ஒரு ஓட்டு ஓட்டினாள். போட்டுப் பார்த்தாள். நின்றது. குதித்துப் பார்த்தாள். அப்போதும் நின்றது.

"இப்ப உரியுதா பாரு" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"உரியல அண்ணி. ஆனா உங்க முகம் ஏன் சிவக்குது?"

"வெற்றியில சிவக்குது."

ஐந்து நாள் அப்படியே ஓடியது. ஆறாம் நாள் காலை வாசலில் நின்று காலைச் செருப்புக்குள் திணிக்கப் பார்த்தாள். பாதி போய் நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை உதைத்துப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர், செய்தித்தாளை இறக்கி.

"செருப்பு சுருங்கிடுச்சு."

"செருப்பு எப்படிச் சுருங்கும்?"

"மழைல நனைஞ்சா சுருங்கும்."

"மழை எப்ப பெஞ்சது?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். கீழே உட்கார்ந்து அவள் காலுறையை மெதுவாக உருட்டிக் கழற்றினார். முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டிய மாதிரி சிவப்பாக ஒரு பள்ளம். அதற்குக் கீழே கால் முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

"இத எத்தனை நாளா மறைக்கற?"

"மறைக்கல. காட்டல."

"இன்னைக்குக் கூடத்துக்குப் போகவேண்டாம். என்கூட வா."

"முதலாளியம்மா..."

"முதலாளியம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். வண்டியில ஏறு."

முப்பது வருடம் அறுபது பேரை ஏற்றி இறக்கிய குரல் அது. ஏறிவிட்டாள்.

கடைப்பெண் காலைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள், எலாஸ்டிக் தைத்த காலுறையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"தையல் ரொம்ப அழகா இருக்குக்கா."

"அது இருக்கட்டும். கால் ஏன் இப்படி ஆச்சு?"

"அக்கா, பல் தேய்க்கிற பேஸ்ட எங்க அமுக்குவீங்க? அடியிலயா, மூடிக்கிட்டயா?"

"அடியிலதான். இவர்தான் நடுவுல அமுக்குவாரு."

"என்னை ஏன் இழுக்கற?" என்றார் கணவர்.

"இந்த சாக்ஸும் அப்படித்தான். கணுக்கால்ல ரொம்ப இறுக்கமா, மேல போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்வா நெய்திருப்பாங்க. கீழ நிக்கற ரத்தத்த மேல தள்ளணும்ல? நீங்க மேல ஒரு பூட்டு போட்டுட்டீங்க. தள்ளின ரத்தம் எங்க போகும்? சரி, சீட்டுல எழுதின அளவு எப்ப எடுத்தது?"

"சாயங்காலம். வேலை முடிஞ்சு வந்து."

"அதாவது, நாள் முழுக்க நின்னு வீங்கின காலுக்கு."

கத்திரியக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

கடைப்பெண் இன்னும் ஒன்று கேட்டாள். குரலைத் தணித்துத்தான் கேட்டாள். "லூஸு ஏதாவது விட்டீங்களாக்கா?"

கத்திரியக்கா எலாஸ்டிக் தைத்த காலுறையை அவளிடமிருந்து வாங்கி மடித்தாள்.

"அரை அங்குலம்" என்றாள் கத்திரியக்கா.

"எதுக்குக்கா?"

"எந்தத் துணியா இருந்தாலும் அளவுமேல ஒரு தளர்வு விட்டுத்தானேம்மா வெட்டுவோம். உடம்பு மூச்சு விடவேண்டாமா?"

"கால் எங்கக்கா மூச்சு விடுது?"

கணவர் கடைக்கு வெளியே போய் நின்று சிரித்தார். உள்ளே கேட்டது.

இரண்டு நாள் காலை உயர்த்தி வைத்திருக்கவும், தைத்த காலுறையைத் தொடாமல் இருக்கவும், டாக்டரிடம் ஒரு முறை காட்டவும் சொன்னாள் கடைப்பெண். மூன்றாம் நாள் காலை, கண் விழித்ததும், பாதம் தரையில் படுவதற்கு முன்னால், படுக்கையிலேயே அளவு எடுக்கவேண்டும். குனிந்தால் அளவு மாறும், அதனால் வேறு ஒருவர்தான் எடுக்கவேண்டும்.

டாக்டர் பள்ளத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் திட்டி, இரண்டு நாள் வீட்டிலேயே இருக்கச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் காலை கத்திரியக்கா மல்லாந்து படுத்திருந்தாள். கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டேப்பைப் பாம்பைப் பிடிப்பதுபோல் நுனியில் பிடித்திருந்தார்.

"டேப்ப மடிக்காதீங்க. நேரா சுத்துங்க. அங்க இல்ல, எலும்புக்கு மேல, ஒடுங்கற இடத்துல."

"இருபத்திமூணு."

"இருபத்திமூணா? என்ன, யானைக்கா எடுக்கறீங்க? டேப்ப திருப்பிப் பாருங்க, அந்தப் பக்கம்தான் அங்குலம்."

"அந்தப் பொண்ணு சென்டிமீட்டர்லதான் கேட்டுச்சு."

கத்திரியக்கா கூரையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் உடம்பில் இன்னொருவர் டேப் வைத்தது இதுதான் முதல் தடவை.

"ஆடுசதை முப்பத்தாறு" என்றார்.

"கூட ஒரு அரை..."

"வாயைத் திறந்தா அளவு மாறுமாம்."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

அந்த அளவில் வாங்கி வந்த புதுக் காலுறை மறுநாள் காலை ஒரே இழுப்பில் ஏறவில்லை. கால் நுனியிலேயே முரண்டு பிடித்தது. இவர் இழுக்க, அவள் கட்டிலோடு சேர்ந்து நகர்ந்தாள். பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டால் பிடி கிடைக்கும் என்று கடைப்பெண் சொல்லியனுப்பியிருந்தாள். மஞ்சள் கையுறையோடு கட்டிலுக்குக் கீழே முட்டிபோட்டு உட்கார்ந்தார், முன்னாள் ஓட்டுநர்.

"குதிகால் வரைக்கும் உள்பக்கத்தை வெளிய திருப்பிக்கணும். டயர் மாத்தற மாதிரிதான் இதுவும்."

"என் கால் உங்களுக்கு டயரா?"

"டயர் இப்படிப் பேசாது. கால உள்ள தள்ளு!"

தள்ளினாள். குதிகாலுக்கான பை பாதத்தின் மேலே வந்து கூம்பாக நின்றது. கழற்றி மறுபடி போட்டார்கள். இரண்டு காலுக்கும் பதினேழு நிமிடம் ஆனது. இருவருக்கும் வியர்த்துவிட்டது. மேல் விளிம்பைச் சுருட்டாமல், மடிக்காமல், உள்ளங்கையால் தடவித் தடவி மடிப்பில்லாமல் செய்து முடித்தார். அவள் எழுந்து நின்றாள். அறைக்குள் நடந்து பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"யாரோ கணுக்காலப் பிடிச்சுத் தூக்கிவிடற மாதிரி இருக்கு."

"யாரோ இல்ல. நான்தான்."

நாலே நாளில் பதினேழு நிமிடம் ஆறாகக் குறைந்தது. கூடத்தில் அரைமணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். அது டாக்டர் சொன்னது. மின்கத்தியை நிறுத்திவிட்டு அவள் மேலும் கீழும் போவதைப் பார்த்து, "அண்ணி சுவருக்கு அந்தப் பக்கம் யாரையோ எட்டிப் பாக்கறாங்க" என்று நாத்தனார் கிளப்பிவிட்டாள்.

பதினைந்தாம் நாள் ஆர்டர் துணி வந்து இறங்கியது. முதலாளியம்மாவும் வந்தாள். நேராக வெட்டு மேசைக்கு வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"கழட்டுக்கா ஒரு கால."

கத்திரியக்கா துணிச்சுருள்மேல் உட்கார்ந்து கழற்றினாள். மெஷின்கள் தாமாகவே நின்றன. பித்தான் மேசையில்கூடப் பேச்சு இல்லை. முதலாளியம்மா குனிந்து, அதே இடத்தில், அதே அழுத்து அழுத்தினாள். அவள் பத்து எண்ணுவது உதட்டில் தெரிந்தது. விரலை எடுத்தாள்.

தோல் சட்டென்று திரும்பி வந்து நின்றது. குழி இல்லை.

"இன்னொரு கால்?"

"அதுவும் என்னுதுதாம்மா. வேணும்னா அழுத்திப் பாருங்க."

முதலாளியம்மா அதையும் அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "நாப்பது அடுக்குப் போடு. நாளைக்கு மதியத்துக்குள்ள வேணும்" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

கத்திரியக்கா உள்ளே இருந்த மூச்சையெல்லாம் விட்டாள். காலுறையை மறுபடி ஏற்றப் பையிலிருந்து மஞ்சள் கையுறையை எடுத்தபோது, யாரோ தயங்கித் தயங்கி நடந்து வருவது தெரிந்தது. நாத்தனார். அவள் கூடத்துக்குள் நடந்து யாரும் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"அண்ணி."

"நாற்காலி துடைச்சது வீணாப் போச்சேன்னு வருத்தமா?"

"அது வந்து... நீங்க அங்க வந்து உக்காந்தா, நடுநடுவே நான் எழுந்து நடக்கலாம்னு நெனச்சேன். ஆள் இல்லாம எழுந்தா வேலை நிக்குதுல்ல." குனிந்து உடையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினாள். "இங்க அழுத்திப் பாருங்க."

கத்திரியக்கா கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. அதில் ஒரு பித்தானே வைக்கலாம்.

"அடிப்பாவி! உக்காந்துட்டேதானடி இருக்க!"

"உக்காந்தே இருந்தாலும் அப்படித்தானாம். யார்கிட்டச் சொல்ல? உங்களக் கிண்டல் பண்ணிப் பண்ணி என் வாய நானே அடைச்சுக்கிட்டேன்."

கத்திரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பழிக்குப் பழி சொல்ல நாக்கு நுனிவரைக்கும் நாலு வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டாள். பாதியைத்தான் விழுங்கினாள்.

"தோலு உரியாத சாக்ஸா வேணும்ல உனக்கு? முதல்ல டாக்டரப் பாரு. அவர் எழுதிக் கொடுத்த மறுநாள் காலைல நான் உன் வீட்டுக்கு வரேன். நான் வர்ற வரைக்கும் கால கீழ வைக்காத."

"அப்ப கதவ யார் அண்ணி திறப்பாங்க?"

"உங்க வீட்டுக்காரர் எதுக்கு இருக்காரு?"

"லூஸு கீஸு விட்டுடாதீங்க."

கத்திரியக்கா கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஒரு நூல்கூட விடமாட்டேன். போ, போய் உக்காரு. இல்ல இல்ல, உக்காராத. இந்தத் துணியோட அந்த நுனியப் பிடி, விரிக்கலாம்."