அரிசியில் முடி இல்லை

என் புருஷன் செத்துப்போனதை ஊர் ஒத்துக்கொள்ள நான் துடுப்பைத் தூக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஏரியில் ஆள் மூழ்கினால், உடல் கரை சேரும்வரை யாரும் வலை போடக் கூடாது. இங்கே விலாங்கும் கெளுத்தியும்தான் அதிகம். அவை அடியில் எதைத் தின்கின்றன என்று நினைத்தால் யாருக்கும் சோறு இறங்காது. ஆனால் அறுவடைப் பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்து மீன்குழம்புக் கடைகள் மொத்தமும் வாயைப் பிளந்து காத்திருந்தன. படகுகள் கரையில் காய்ந்தன. என் புருஷன் போன படகு கவிழ்ந்து ஒதுங்கியதற்கு அப்புறம் போலீஸ்காரர்கள் வந்து முங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டார்கள். அதே வாரம் டவுனில் காபிக் கடைக்காரி ஒருத்தி கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போனாள். போதாதா? என் சாங்குன் அவளோடு ஓடிவிட்டார் என்று கரை முழுக்கப் பேச்சு. படகை யார் வேண்டுமானாலும் கவிழ்த்துவிட்டுப் போகலாமாம்.

நான் பூசாரியம்மாவைக் கூட்டிவந்தேன். செத்தவரின் உயிரைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் சடங்கு அது. பித்தளைக் கிண்ணம் நிறைய அரிசி போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, கயிற்றில் ஏரிக்குள் இறக்குவார்கள். மேளம் அடித்து, ஆடி, பேர் சொல்லிக் கூப்பிட்டு மேலே இழுப்பார்கள். அவிழ்க்கும்போது அரிசியில் ஒரு முடி இருந்தால், ஆள் அங்கேதான் இருக்கிறார்.

பூசாரியம்மா அரிசியை முறத்தில் கொட்டி விரலால் தேடினாள். மறுபடியும் தேடினாள்.

"முடி இல்லம்மா," என்றாள்.

மீனவர் சங்கத் தலைவர் தோக்பில் உடனே எழுந்துவிட்டார். அவர் படகில் கூலிக்கு ஏறித்தான் என் புருஷன் தொழில் கற்றுக்கொண்டார். "முடிஞ்சுது. அவன் தண்ணியில இல்ல. நாளைக்குக் காலையில வலைய எடுங்கடா."

"அண்ணே, நில்லுங்க," என்றேன். "அவரு தலையில முடி எங்கண்ணே இருக்கு? கல்யாணத்துக்கே தொப்பி போட்டுட்டு வந்த மனுஷன். இல்லாத முடி எப்படி வரும்?"

கரையே சிரித்தது. எனக்கே அது சிரிப்பாகத்தான் கேட்டது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஏம்மா கில்ரே, தலையிலதான் இல்ல. வேற எங்கயும் கூடவா இல்ல?" என்றார் தோக்பில். "எங்களுக்கு என்ன தெரியும், நீதான் சொல்லணும். இல்ல, அந்தக் காபிக் கடைக்காரிய கேக்கணும்."

கிடந்த துடுப்பை எடுத்து அவர் வாயில் வீசினேன். பல் ஒன்று முறத்தில், அந்த அரிசியிலேயே போய் விழுந்தது. நாலு பேர் என்னைக் குப்புறத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். என் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தத்தில் சேறு உப்புக் கரித்தது. பிழைக்க வேண்டியது அவர்கள் பாடு, எனக்குத் தெரியாதா? ஆனால் புருஷன் ஓடிப்போன பெண்டாட்டியாக நான் வாழ மாட்டேன். அவரை விலாங்குக்குப் போட்டுவிட்டு, அந்த விலாங்கை இவர்கள் விற்க விடவும் மாட்டேன்.

விடிந்தும் விடியாமல் கதிர் அரிவாளோடு படகை எடுத்தேன். ஏரி நடுவில் தோக்பில் தனியாக வலை இழுத்துக்கொண்டிருந்தார். முன்தின மாலையே போட்டிருக்கிறார், திருட்டுப் பயல். வாய் வீங்கிப் பூசணிக்காயாக இருந்தது.

"கிட்ட வராதடி!"

போன வேகத்தில் அவர் படகின் மேல் மோதினேன். அவர் தடுமாறினார். நான் எட்டி மிதவைக் கயிற்றை அறுக்க ஆரம்பித்தேன். அவர் துடுப்பால் என் தோளில் போட்ட போட்டில் எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. மறுகையால் அறுத்தேன். என் கூந்தலைச் சுற்றிப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

"சாகுடி! அவனத் தேடிக்கிட்டுதான போற, போயிடு!"

கண்ணை மூடிக்கொண்டு அரிவாளை மேலே வீசினேன். கூந்தலைப் பிடித்த கை தளர்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் முன்னங்கை பிளந்து தொங்கிற்று. ஏரி அந்த இடத்தில் சிவந்திருந்தது. அப்போதும் அந்த மனுஷன் வலையை விடவில்லை. நானும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அவர் பக்கம் ஒரு இழுப்பு, என் பக்கம் ஒரு இழுப்பு. நடுவில் என்னவோ கனத்தது.

"கெளுத்திடி, விடு! கிழிஞ்சிடும்!"

முதலில் கால் வந்தது. ரப்பர் பூட்சில் சைக்கிள் டியூப் ஒட்டு. ஒட்டியது நான்தான்.

தோக்பில் என்னைப் பார்த்தார். பிறகு வெட்டுப்பட்ட கையாலேயே வலையை இன்னும் இரண்டு பிடி இழுத்து, தன் மேல்சட்டையைக் கழற்றி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் போட்டார்.

"பாக்காத தங்கச்சி," என்றார். "நீ சொன்னதுதான் சரி. நாங்கதான் பாவி."

சரியாம். யாருக்கு வேண்டும் அந்தச் சரி? இத்தனை நாளும் அவர் செத்துவிட்டார், செத்துவிட்டார் என்று ஊரெல்லாம் கத்தியிருக்கிறேன். உள்ளுக்குள் ஒவ்வொரு விடியலிலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்றுதான் எழுந்தேன். அந்தக் காபிக் கடைக்காரியோடு அவர் எங்காவது ஒரு வாடகை அறையில் சிரித்துக்கொண்டு சோறு தின்றிருக்கக் கூடாதா?

தோக்பில் படகில் தாவி ஏறினேன். உடையாத கையால் அவர் நெஞ்சில், கழுத்தில், அந்த வீங்கிய வாயில் குத்தினேன்.

"சொல்லுடா! ஓடிட்டான்னு சொல்லு! நேத்து அத்தன பேர் முன்னாடி சொன்னல்ல, இப்ப சொல்லுடா! அவளோட போயிட்டான்னு சொல்லுடா!"

அவர் ஒரு அடியையும் தடுக்கவில்லை. தடுக்க ஒரு கை வேண்டும். இரண்டு கையாலும் அவர் வலையைப் பிடித்திருந்தார். விட்டால் சாங்குன் மறுபடி அடியில் போய்விடுவார்.