அறுபதுக்கு மேல் போகாத வண்டி

வண்டியைப் பூட்டிவிட்டேன். சாவி உள்ளே இருக்கிறது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, நாங்கள் இருவரும் வெளியே நிற்கிறோம். பொழுது இன்னும் சரியாகப் புலரக்கூட இல்லை.

பேட்டரி கொஞ்சம் சோர்ந்திருந்தது, அணைத்தால் மறுபடி மக்கர் பண்ணும் என்று தங்கச்சி என்ஜினை ஓடவிட்டே இறங்கினாள். பெட்ரோல் பங்கின் பின்னால் இருந்த கழிப்பறைக்குப் போகும்போது, "அண்ணா, நீ உள்ளயே இரு. எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஐம்பத்து மூன்று வயது மனிதன் கேட்டு நடக்கக்கூடிய எளிய உத்தரவு அது. ஆனால் எனக்கு ஏதாவது உதவ வேண்டும் என்று அரிப்பு. இறங்கி முன் கண்ணாடியைத் துடைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். கைப்பழக்கத்தில் பூட்டுக் குமிழை அமுக்கிவிட்டு அறைந்து சாத்தினேன். அவள் பக்கத்துக் கதவை அவளும் பழக்கத்தில் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாள். அது பள்ளிக்கூட வேன். கதவைப் பூட்டாமல் அவளுக்கு இறங்கத் தெரியாது.

ஜன்னல்களில் எல்லாம் கம்பி. ஒரு பிள்ளையின் தலையும் வெளியே வரக்கூடாது என்று வைத்த கம்பி. ஒரு முட்டாளின் கையும் உள்ளே போகவில்லை.

எங்கே போகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வுபெற்று ஒன்றரை வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று தடவை ஒரு இயந்திரத்தோடு படுத்திருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறேன். ஊருக்கெல்லாம் காப்பீடு விற்றுப் பிழைத்தவன் நான், எனக்கென்று உருப்படியாக எதுவும் எடுத்து வைக்கவில்லை என்பது எங்கள் கிளை அலுவலகத்தில் பெரிய நகைச்சுவை. மனைவி தன்னுடையதில் ஒன்றைத் தருவதற்குத் தயாராக இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்த எல்லோருடைய பார்வையும் மெதுவாகத் தங்கச்சி பக்கம் திரும்பியது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. பார்த்தோம், அவ்வளவுதான். "நான் தர்றேன்" என்றாள். எல்லோரும் அழுதார்கள். நானும்தான்.

பரிசோதனைகளில் பொருந்திவிட்டது. மாற்று அறுவை சிகிச்சை செய்யும் பெரிய ஆஸ்பத்திரி எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நேற்று மத்தியானம் போன் வந்தது. யாரோ வரவில்லையாம், நாளைக் காலை எங்களுக்கு இடம் தருகிறார்களாம், விட்டால் அடுத்தது நாலு மாதம் கழித்துத்தான். ரயிலில் இடம் இல்லை. நேற்று எனக்கு இயந்திரம், நாளை மறுநாள் மறுபடி இயந்திரம். நடுவில் பயணத்துக்கு என்று கிடைத்தது இந்த ஒரு பகல்தான். பள்ளிக்கு விடுமுறை, வேன் சும்மா நிற்கிறது. "வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கலாமே" என்றேன். "எனக்கு இதுதான் கைக்கு வரும்" என்றாள். பள்ளி வண்டி என்பதால் அறுபதுக்கு மேல் போகாதபடி அதில் ஒரு கருவியைப் பொருத்தி முத்திரை வைத்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டர் மேல் ஏறி நின்றாலும் அறுபதுதான்.

பார்சல் லாரிக்காரர் ஒருவர்தான் காப்பாற்றினார். பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையை மடித்து, கதவு ரப்பரின் இடுக்கில் விட்டு, குமிழில் சுருக்குப் போடப் பார்த்தார். இரண்டு தடவை நழுவியது.

"யாரு சார் பூட்டினது?"

"நான்தான்."

"சாவி உள்ள இருக்கும்போதா?"

"வெளியில இருக்கும்போது யார் வேணாலும் பூட்டலாமே."

அவர் சிரிக்கவில்லை. வண்டியின் பின்னால் எழுதியிருந்த வேகத்தைப் படித்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். தங்கச்சி சொன்னாள்.

"இதுலயா? ஒரே நாள்லயா?"

"ஆமாங்க."

"நானும் அங்கதான்மா போறேன். சரக்கை இறக்கிட்டு நாளைக்குத் திரும்புவேன். எதிர்ல பாத்தா ஹாரன் அடிக்கிறேன்."

மூன்றாவது தடவை சுருக்கு விழுந்தது, குமிழ் எழுந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. நான் அதற்குள் வியர்த்து, மன்னிப்புக் கேட்டு, நடந்து, மறுபடி மன்னிப்புக் கேட்டு ஓய்ந்திருந்தேன். அவளோ ஓரத்துக் கட்டைச் சுவரில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிள்ளையின் முகம். கதவு திறந்ததும் அந்த முகம் மூடிக்கொண்டது.

இவளுக்கு இதில் இஷ்டம்தானா என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் ஏறி உட்கார்ந்தது.

கிளம்பும்போது வழக்கம்போல மேலே இருந்த பெரிய கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் வரிசையாகக் குட்டிக் குட்டி இருக்கைகள், எல்லாம் காலி. பதினோரு வருடமாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணாமல் அவள் வண்டியை நகர்த்தியதில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒண்ணு" என்றாள். கியரைப் போட்டாள்.

"அந்த ஒண்ணையும் இறக்கி விட்டுட்டா நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

"காலங்காத்தால வாயக் கழுவு."

சாலை அகலமாக, நேராக இருந்தது. எல்லாமும் எங்களைத் தாண்டிப் போயின. கார்கள், பஸ்கள், மூட்டை ஏற்றிய டெம்போ, ஒரு கட்டத்தில் சமையல் வாயு சிலிண்டர் வண்டிகூட. தாண்டிப் போகும் கார்களிலிருந்து பிள்ளைகள் எங்கள் வேனைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் பதிலுக்கு அசைத்தேன். இடது கையை அதிகம் ஆட்டக்கூடாது. ஊசி போடுவதற்காக அதில் ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். காதில் வைத்தால் ஆலை ஓடுகிற சத்தம் கேட்கும்.

"பயமா இருக்கா உனக்கு?" என்றேன்.

"பசிக்குதா?" என்றாள்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"முன்னாடி லாரி போறான், பேசாம வா."

லாரி அரைக் கிலோமீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கும் தகுதி எங்கள் வண்டிக்கு இல்லவே இல்லை.

முப்பது வருடம் வீடு வீடாகப் போய்ப் பாலிசி விற்றவனுக்கு ஒரு கல்வி கிடைத்திருக்கிறது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் இல்லை என்று பொருள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றால் நிச்சயமாக இல்லை. "காபி சாப்பிடுறீங்களா" என்றால், குடித்துவிட்டு எழுந்து போ. முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று சொன்னவர் இந்த முப்பது வருடத்தில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் நல்லவர்கள், அதுதான் தொல்லை.

வெயில் ஏறியது. ஒரு நாளைக்கு நான் குடிக்கக்கூடிய தண்ணீர் ஒரு சின்னப் பாட்டில். அதை அவள் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் மூடியில் ஊற்றித் தந்தாள். நான் குடிக்க முடியாது என்பதால் அவளும் தன் பாட்டிலைத் தொடவில்லை.

"நீ குடிச்சா என் கிட்னி கோவிச்சுக்காது. அதுக்கு உயிரே இல்ல."

"எனக்குத் தாகம் இல்ல."

உதடு வெடித்திருந்தது அவளுக்கு.

அவளுடைய போன் அடித்தது. ஓட்டும்போது எடுக்க மாட்டாள். நான் எடுத்தேன். மாப்பிள்ளை, அவளுடைய புருஷன்.

"எங்க மச்சான் இருக்கீங்க?"

"பாதிக்குக் கொஞ்சம் முன்னாடி. இப்பதான் ஒரு சைக்கிளை முந்தினோம்."

அவர் சிரிப்பதுபோல் ஏதோ செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ சாப்பிட்டாளா மச்சான்? நேத்து ராத்திரியும் சாப்பிடல. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா" என்றார்.

"சாப்பிட வைக்கிறேன்" என்றேன்.

"என்னவாம்?" என்றாள் தங்கச்சி.

"உன்னை வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தருவேனான்னு கேட்டார்."

வழக்கமாக இப்படிச் சொன்னால் முதுகில் ஒரு அடி விழும். அன்று அவள் கண்ணாடியைத் துடைக்கும் நீரைப் பீய்ச்சி, துடைப்பானை ஓடவிட்டாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பொட்டலத்தை மடித்தாள். "பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன். எதையும் தொடாதே" என்று சொல்லி, இருக்கையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். நான் எதையும் தொடவில்லை. மூச்சைக்கூட அளவாக விட்டேன்.

தூங்கும்போது அவளுடைய வலது கை மெல்ல நகர்ந்து விலாவுக்குக் கீழே போய் அமர்ந்தது. விரல்கள் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. நெரிசலான பஸ்ஸில் பர்ஸ் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி. பக்கத்து இருக்கையில் இருந்த திருடன் நான்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவளுடைய சிறுநீரகம் வேண்டும். வேண்டாம் என்று நடிக்க என்னால் முடியாது. வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாள் என் கையில் திரும்ப வேண்டும், மனைவி ராத்திரியில் எழுந்து என் மூச்சை எண்ணுவது நிற்க வேண்டும். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது பெரும்பாடாக இருந்தது.

இயந்திர அறையில் எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அவருடைய தம்பி தருவதாக இருந்து, கடைசி நேரத்தில் 'பொருந்தவில்லை' என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. பிறகுதான் ஒரு நர்ஸ் அவரிடம் விளக்கினாளாம். தருகிறவர்களைத் தனியாக உள்ளே கூப்பிட்டு மனசாரத்தான் தருகிறீர்களா என்று கேட்பார்களாம். இல்லை என்றால் அதை வெளியே சொல்ல மாட்டார்களாம், பொதுவாகப் பொருந்தவில்லை என்று முடித்துவிடுவார்களாம். வாத்தியாருக்கு இன்றுவரை விடை தெரியாது. தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். "கேட்டுட வேண்டியதுதானே சார்" என்றேன் ஒருமுறை. "கேட்டா எனக்குத் தம்பி இருக்க மாட்டான்பா" என்றார்.

நாளைக்கு அப்படித் தனியாகக் கேட்கும் அறைக்குத்தான் இவள் போகிறாள்.

நன்றாக இருட்டிய பிறகு நகரத்தின் வெளிப்புறம் வந்தது. ஆறு வரிசையில் வண்டிகள் ஊர்ந்தன. அங்கே எல்லோரும் எங்களைவிட மெதுவாகப் போனார்கள், அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகை மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்ததும், அவள் இண்டிகேட்டர் போட்டு, காலியாக இருந்த ஒரு பஸ் நிறுத்தத்தில் வண்டியை ஒதுக்கினாள். நான்கு பக்க விளக்குகளும் மினுங்கத் தொடங்கின.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. தோள் வலிக்குது. டீ குடிக்கிறியா? அரை கிளாஸ்?"

காபி சாப்பிடுறீங்களா என்று கேட்ட அத்தனை வீடுகளும் ஒரு நொடியில் என் கண்முன் வந்து போயின.

"வேணாம். இங்க பாரு, ஒண்ணு சொல்றேன். நாளைக்கு உன்னைத் தனியா உள்ள கூப்பிடுவாங்க. நான் வர முடியாது, யாரும் வர முடியாது. இஷ்டமான்னு கேப்பாங்க. இல்லன்னு சொன்னா அது வெளியவே வராது. பொருந்தலன்னு என்கிட்ட சொல்லிடுவாங்க. நானும் சரின்னு நம்பிடுவேன். எனக்கு அறிவு கம்மின்னு உனக்கே தெரியும், காலைல பாத்தல்ல."

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மினுங்கும் விளக்கு டக், டக் என்று சத்தம் போட்டது.

"அது எனக்குத் தெரியும்ண்ணா" என்றாள்.

"எப்படி?"

"போன வாரமே போன் பண்ணி அங்க ஒரு அம்மாகிட்ட விசாரிச்சேன். சொன்னாங்க. அந்தத் தைரியத்துலதான் வண்டியையே எடுத்தேன். உள்ள போய்ச் சொல்லிடலாம், வெளிய வந்து உன் பக்கத்துல உக்காந்து அழுதுடலாம்னு."

எனக்கு உடனே இரண்டு மூன்று நகைச்சுவைகள் தோன்றின. ஒன்று உண்மையிலேயே நன்றாக இருந்தது. தொண்டைவரை வந்ததை அப்படியே விழுங்கினேன்.

"அப்புறம் ஏன் இப்ப சொல்ற?"

"காலைலேர்ந்து நீ கேட்டுக்கிட்டே வர்ற. எழுநூறு கிலோமீட்டர் பக்கத்துல உக்கார வெச்சுட்டு, நாளைக்கு ஒரு டாக்டரை விட்டு உனக்குப் பொய் சொல்ல வைக்க என்னால ஆகல."

ஒரு பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அவள் நகர்த்தவில்லை. பஸ் சுற்றிக்கொண்டு போனது.

"சரி" என்றேன். "இப்ப நேரா கேக்குறேன். தருவியா?"

அவள் என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். அன்று முழுக்கச் சாலையையே பார்த்த கண்கள் சிவந்திருந்தன.

"பிள்ளைங்களச் சொல்லலாம், வேலையச் சொல்லலாம், அவரு வேணாங்கிறாருன்னு சொல்லலாம். எதுவும் உண்மை இல்லண்ணா. அவரு என் இஷ்டம்னுதான் சொன்னாரு. காரணம் தேடித் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணும் கிடைக்கல. பயமா இருக்கு. அவ்வளவுதான். நான் தர மாட்டேன்."