மோட்டாருக்குப் பின்னால் நீலம்

காய்ச்சலில் நான் சுருண்டு படுத்திருந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டுக்காரர் என் லாரிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் அவர் தொழில். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, எனக்கு பிரஷ் பிடிக்கத் தெரியாது, அதனால்தான் வீட்டில் சண்டையே இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சண்டையெல்லாம் நான்தான் போடுகிறேன் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

எழுந்து வந்து பார்த்தால், துருப்பிடித்த கிழட்டு வண்டி பளபளவென்று நீலமாக நின்றது.

"எப்படி இருக்கு?"

"வண்டி ஓடணும். கலரைப் பாத்தா லோடு குடுக்கறாங்க?" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. வாயை அடக்கியிருக்கலாம். ஆனால் அது என் பேச்சை எப்போது கேட்டிருக்கிறது?

உடம்பு தேறி நான் எடுத்த முதல் லோடு கோழிக்குஞ்சுகள். அன்று காலையில் பொரித்தவை. குளிர் ஏறுவதற்குள் பண்ணையில் இறக்கியாக வேண்டும். குஞ்சுகள் விறைத்தால் இந்தப் புது வேலை கையை விட்டுப் போய்விடும். "நீ இன்னும் தள்ளாடுற, நானும் வரேன்" என்று அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சுவிட்சைப் போட்டேன். வைப்பர் அசையவில்லை. டேஷ்போர்டில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். ம்ஹூம்.

வண்டியை ஓரங்கட்டினேன். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. டெஸ்ட் பல்பின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை மோட்டாருக்குப் போகும் ஒயரில் வைத்தேன். பல்பு எரிந்தது. கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை.

"மோட்டார் மண்டையைப் போட்டுடுச்சு" என்றேன். பின்னால் குஞ்சுகள் கீச்சுகீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கையால ஆட்ட முடியாதா?" என்றார் அவர்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். முடியும். வைப்பர் தடையில்லாமல் ஆட, அதையும் மோட்டாரையும் இணைக்கும் கம்பியைக் கழற்றினேன். தார்ப்பாய்க் கயிற்றை இரண்டு வைப்பரிலும் கட்டி, ஆளுக்கொரு ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, இரண்டு முனையையும் முடிந்து அவர் கையில் கொடுத்தேன்.

"இப்படி இழுங்க. இப்ப அப்படி."

இழுத்தார். வழி நெடுக இழுத்தார். கயிறு என் முகவாய்க்குக் கீழே போய்வந்துகொண்டிருந்தது. திறந்த ஜன்னலில் சாரல் அடித்து அவர் தொப்பலாக நனைந்துவிட்டார். "வேகமா!" என்று நான்தான் விரட்டிக்கொண்டே வந்தேன். அவர் இன்னும் வேகமாக இழுத்தார்.

பொழுதோடு போய்ச் சேர்ந்தோம். பண்ணைக்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார். எல்லாம் துறுதுறுவென்று இருந்தன. "அடுத்த லோடும் நீங்களே எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

லோடை இறக்கியதும், புது மோட்டார் வாங்குவதற்கு முன்னால் எதற்கும் பார்ப்போமே என்று, பேட்டரி மைனஸிலிருந்து ஒரு ஒயர் இழுத்து மோட்டாரின் உடம்பில் தொட்டேன். ஜம்மென்று சுற்றியது! மோட்டாரில் கோளாறே இல்லை. எர்த் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மோட்டாரின் உடம்பு வண்டியின் இரும்பைத் தொட்டால்தான் கரண்ட் திரும்பிப் போக வழி; நடுவில் ஏதோ தடுக்கிறது. போல்ட்டைக் கழற்றினேன். மோட்டார் உட்காரும் தகடு முழுக்க, கண்ணுக்கே தெரியாத அந்த மூலையில்கூட, கெட்டியாக நீலப் பெயிண்ட்.

"மோட்டாரைக் கழட்டியா அடிச்சீங்க?"

"பின்ன? அங்க மட்டும் துருவை விட்டுவைக்கச் சொல்றியா?"

கத்தியிருப்பேன். அவர் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். இரும்போடு இரும்பு தொடும்படி, போல்ட் உட்காரும் இடங்களில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டி, மோட்டாரை மாட்டினேன். கழற்றிய கம்பியையும் சேர்த்தேன். வைப்பர் ஓடியது.

திரும்பும்போதும் மழை. அவர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மடியில் கிடந்த கைகள் வைப்பரோடு சேர்ந்து லேசாக அசைந்தன. இந்த மனுஷன் எனக்குக் கிடைத்தாரே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. தூங்குகிறவரிடம் சொல்வது சுலபம்.

"வண்டி ரொம்ப அழகா இருக்குங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"மோட்டாருக்குப் பின்னாடியும் அழகாத்தான் இருந்துச்சு. நீதான் சுரண்டிட்ட."