சந்தனம் வைத்த இயந்திரம்

தோட்டா நிரப்பும் அந்த இயந்திரம் வெடிமருந்தைச் சரியாகத் தள்ளாவிட்டால் தனசேகரன் நாளைக் காலைப் போட்டியில் சுட முடியாது. ஜூரோங் பக்கத்துத் துப்பாக்கிக் கழக அணியில் அவனுக்கு முதன்முதலாக இடம் கிடைத்திருந்தது. வழக்கமாகச் சுடுபவர்களில் இருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கல்யாணம். காலித் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்புவதும் அவன் பொறுப்பே. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிப்பவனுக்கு இந்தத் தண்டனை இயல்பானது.

மேலே கூம்பு, நடுவில் கைப்பிடி, கீழே குழாய். ஒருமுறை இழுத்தால் ஓர் அளவு விழ வேண்டும். இப்போதோ ஒரு தோட்டாவில் பாதி விழுந்தது, அடுத்ததில் ஒன்றரை. சிராங்கூன் சாலை நகைக்கடையில் இரவல் வாங்கிய தராசு, வாழ்க்கையில் முதல்முறையாக வாடிக்கையாளர் பக்கம் நின்று உண்மை பேசியது.

“ஒண்டரையை வைச்சுச் சுட்டால் துவக்கு வெடிக்கும், தம்பி,” என்றார் கழகச் செயலாளர் பசுபதி. துப்பாக்கியைத் துவக்கு என்றே சொல்லும் யாழ்ப்பாணத்தவர், அரசாங்க எழுத்தர்.

“பாதிய வச்சா?”

“ரவைக்குண்டு உன்ரை கால் சப்பாத்திலை விழும்.”

“மழைக்காலம் சார். மருந்து ஈரமாகி கட்டி தட்டியிருக்கும். அடுப்புல லேசா காய வச்சா...”

பசுபதி எழுந்து வெளியே போய்விட்டார். மீதிப் பேச்சை வேலிக்கு அப்பாலிருந்து நடத்தினார். “அடுப்பு எண்டு இன்னொருக்காச் சொன்னாய், நான் வீட்டை போறன்!”

அடுப்பு கைவிடப்பட்டது. தனசேகரன் புது டின்னைத் திறந்து உலர்ந்த மருந்தைக் கொட்டினான். அதே பாதி, அதே ஒன்றரை. கூம்பைக் கழற்றித் துடைத்தான். கைப்பிடியை மெதுவாக இழுத்தான், வேகமாக இழுத்தான், ஆங்கிலத்தில் திட்டிக்கொண்டே இழுத்தான்.

“விடு, தம்பி. நாங்கள் போட்டிக்கு வரேல்லை எண்டு போன் பண்ணிச் சொல்லுறன்.”

“பண்ணாதீங்க லா! மருந்து மேல தப்பில்ல. கூம்பு சுத்தம். அப்போ அடைப்பு கீழதான்.”

கீழே, அவன் துணி படாத ஒரே இடம் இருந்தது. ஆயுத பூஜையன்று பசுபதி துப்பாக்கிகளோடு இந்த இயந்திரத்தின் குழாயடியிலும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். வைத்த பொட்டை அழிக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது வழக்கம். கடவுள் இல்லையென்று சீர்திருத்தக் கூட்டங்களில் முழங்கும் தனசேகரன், அன்றிலிருந்து அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் துடைத்துவந்தான்.

இப்போது குழாயைக் கழற்றி விரலை விட்டான். உள்விளிம்பிலும் சந்தனம். மழை ஈரத்தில் பிசுபிசுத்து, மருந்துத் துகள் ஒட்டி மேடாகியிருந்தது. மேடு பாதி மருந்தைத் தடுக்கும். அடுத்த முறை சரிந்து அதையும் சேர்த்துத் தள்ளும்.

“வாய்க்குள்ளயுமா சார் வச்சீங்க?”

“சாப்பிடுறது வாயாலைதானே?”

சுரண்டினான், துடைத்தான், பூட்டினான், இழுத்தான். தராசு முள் நடுவில் நின்றது. மறுபடி இழுத்தான், அங்கேயே நின்றது. ஏற்கெனவே நிரப்பிய தோட்டாக்களின் மருந்தையெல்லாம் கொட்டி முதலிலிருந்து தொடங்கினான். பசுபதி வேலியைத் தாண்டி உள்ளே வந்தார்.

மறுநாள் காலை, பொட்டிழந்த இயந்திரத்தை நோக்கிக் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நடந்தார் அவர். தோட்டாப் பெட்டியுடன் கிளம்பிய தனசேகரன் ஓடிவந்து குறுக்கே நின்று, தன் நெற்றியை நீட்டினான்.

“இங்க வைங்க சார். இந்த மண்டைக்குள்ள அடைச்சுக்க எதுவும் ஓடறதில்ல.”

“அது எனக்கு முதலே தெரியும்,” என்று பெரிதாகவே வைத்தார் பசுபதி.